கொடிக்காலில் முளைத்த முகமூடிகள்

கொன்றையூர் மன்னர் இரணகேசரிக்கு யானைப்படை உண்டு, எழுநிலை அரண்மனை உண்டு, மூக்குதான் கொஞ்சம் போதாது. பரம்பரையாகவே அந்தக் குலத்துக்குச் சப்பை மூக்கு. அதைப் பற்றி அவையில் யாரும் பேசமாட்டார்கள். முன்பு ஒருவர் பேசினார். பிறகு அவரைப் பற்றியும் யாரும் பேசுவதில்லை.

பிரதானி வைகுந்தருக்கு அந்தக் குறை இல்லை. அவருடைய கிளிமூக்கு அவைக்குள் நுழைந்து, எல்லாரையும் நலம் விசாரித்து முடித்த பிறகுதான் அவர் நுழைவார். அவர் தோட்டத்துக் கிணறு வற்றிவிட்டது. பக்கத்திலேயே வெள்ளையம்மாளின் வெற்றிலைக் கொடிக்கால்; அங்கே கிணறு ஊறிக்கொண்டே இருந்தது. பிரதானி விலைக்குக் கேட்டார், மிரட்டியும் பார்த்தார். புருஷனை இழந்து ஒற்றை ஆளாகக் கொடிக்காலைக் காத்தவள் அசைவாளா? ஒரு கவுளி வெற்றிலை கொடுத்து அனுப்பிவிட்டாள்.

அடுத்த மாதம் வாய்க்கால் தூர்வாரப் போன பிரதானியின் ஆட்கள், அந்தக் கொடிக்காலுக்குள் ஏழு மர முகமூடிகளைத் தோண்டி எடுத்தார்கள். உருட்டு விழியும் கோரைப் பல்லுமாக அவை அரசவைக்கு வந்து சேர்ந்தன.

"அரசே, தங்கள் முன்னோர் ஏழு தலைமுறையும் போரில் அணிந்த முகங்கள் இவை!" என்றார் பிரதானி. "அந்த மண்ணில் கோயில் எழுப்பவேண்டும். நிலத்தையும் கிணற்றையும் நல்ல தர்மகர்த்தாவிடம் ஒப்படைக்கவேண்டும். யாரும் கிடைக்காவிட்டால் அடியேன் சிரமம் பார்க்கமாட்டேன்."

அவைக்கு அழைக்கப்பட்டிருந்த வெள்ளையம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "சாமி, கொடிக்கால் ஈரத்துல நட்ட கம்பு நாலு வருஷம் தாங்காது. இந்த மரம் ஏழு தலைமுறை தாங்குச்சாக்கும்? அந்தக் கொடிக்காலை விட்டா எனக்கும் என் ரெண்டு பொண்ணுங்களுக்கும் வேற கஞ்சி இல்ல."

"அது வெறும் கம்பு. இது ராஜவம்சத்து மரம்" என்றார் பிரதானி.

மன்னருக்கு முன்னோர் மேல் பக்தி அதிகம். ஆனாலும் கேள்வி உறுத்தியது. விகடகவி நாவலப்பனைக் கூப்பிட்டார்.

"இவை யாருடையவை என்று நாளை உச்சிவேளைக்குள் சொல். செத்தவர்களைத்தான் கேட்கவேண்டும் என்றால் கேட்டுக்கொண்டு வா. தவறினால் கொடிக்கால் கோயிலுக்குப் போகும். அந்தக் கோயிலில் ஆயுள் முழுக்க நீ மணியடிப்பாய்."

நாவலப்பனுக்கு முதலில் தன் தூக்கம்தான் நினைவுக்கு வந்தது. தினமும் விடியுமுன் எழுந்திருக்கவேண்டுமே! வெள்ளையம்மாளின் முகத்தைப் பார்த்ததும் அப்படி நினைத்ததற்கு வெட்கப்பட்டான்.

எல்லாரும் முகமூடிகளின் பல்லைப் பார்த்து மிரண்டுகொண்டிருக்க, அவன் ஒன்றைத் திருப்பி உட்புறத்தைப் பார்த்தான். மூக்குக் குழிக்குள் விரலை விட்டான். விரல் போய்க்கொண்டே இருந்தது. சின்ன வயதில் கூத்துக்காரர்களோடு ஊர் ஊராக அலைந்தவன் அவன்.

"ஆத்தா, நீங்க போயி கொடிக்குத் தண்ணி பாய்ச்சுங்க" என்றான்.

மறுநாள் உச்சிவேளை. "அரசே, முகமூடிகளையே கேட்டுவிடலாம்" என்றான் நாவலப்பன். "கயிறு கட்டாமல் யார் முகத்தில் நிற்கின்றனவோ, அவருக்கும் இவற்றுக்கும்தான் சொந்தம்."

"அவரே தர்மகர்த்தா ஆகலாமா?" என்று கேட்டார் பிரதானி.

"அவரைவிடப் பொருத்தமானவர் கிடைக்கமாட்டார்."

முதலில் மன்னர் வைத்துப் பார்த்தார். முகமூடி நழுவி மடியில் விழுந்தது. ஏழும் விழுந்தன. அவை முழுவதும் விட்டத்தைப் பார்த்தது. அடுத்துத் தளபதி. அவருக்கும் விழுந்தன. பிரதானி முந்திக்கொண்டு வந்து ஒன்றை மாட்டினார். கச்சிதமாக உட்கார்ந்தது. குனிந்தார், விழவில்லை. தலையை உதறினார், அப்போதும் விழவில்லை. ஏழையும் மாட்டிப் பார்த்தார்; ஏழும் நின்றன.

"முன்னோர் என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்!" என்று ஏழாவது முகமூடிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அரசே, கூத்துமுகம் செதுக்கும் ஆசாரிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு" என்றான் நாவலப்பன். "வெளிப்பக்கம் பூதமோ அசுரனோ, கேட்டபடி செதுக்குவார்கள். உட்பக்கம் மட்டும் போடப்போகிறவன் முகத்தில் களிமண் அப்பி, அச்செடுத்துத்தான் குடைவார்கள். குதித்து ஆடினாலும் நழுவக் கூடாதல்லவா? முகம் காட்டாமல் உளியைத் தொடவே மாட்டார்கள். ரகசியமாகச் செய்யச் சொல்கிறவர் வேறு யார் முகத்தைக் கூட்டிக்கொண்டு போவார்?"

முகமூடி மெல்ல வாசல் பக்கம் திரும்பியது.

"ஆகவே இரண்டில் ஒன்று. இவற்றைச் செய்யச் சொன்னவர் பிரதானி. இல்லையென்றால் அவர் சொன்னபடியே இவை தங்கள் முன்னோருடையவை. அப்படியானால் தங்கள் குலத்தில் ஏழு தலைமுறைக்குப் பிரதானி வீட்டு மூக்கு இருந்திருக்கிறது. அது எப்படி வந்தது என்று அந்தப்புரத்திலிருந்து விசாரிக்கவேண்டும். எனக்கு இன்னும் ஒருநாள் தவணை தேவை."

மன்னரின் கை வாள்பிடிக்குப் போனது. "பிரதானி, இரண்டில் எது?"

"முதலாவது! சத்தியமாக முதலாவதுதான் அரசே!"

கொன்றையூரில் அதுவரை எந்தத் திருடனும் அத்தனை ஆசையாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டதில்லை. மன்னர் ஆசனம் குலுங்கச் சிரித்தார். கொடிக்கால் வெள்ளையம்மாளுக்கே என்று பட்டயம் எழுதச் சொன்னார். நாவலப்பனுக்குப் பொன்னாடை போர்த்தி, "வேறு என்ன வேண்டும்?" என்றார்.

"முகமூடிகள் வீணாகக் கூடாது அரசே. சித்திரைக் கூத்துக்கு ஏழு பூதம் தேவைப்படுகிறது. என்ன செய்வது, வேறு யாருக்கும் பொருந்தாதே!"

அந்தச் சித்திரையில் ஏழு பூதங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஆடின. ஒரு முகமூடியும் நழுவவில்லை. ஆட்டம் முடிந்ததும் வெள்ளையம்மாள் மேடைக்குப் போய், பிரதானியின் கையில் ஒரு கவுளி வெற்றிலை கொடுத்து அனுப்பிவைத்தாள்.