இன்ன ஊர் இன்னான்

முன்னொரு காலத்தில், எந்தக் காலம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, ஓர் அரசனுக்குத் தன் கோட்டைச் சுவரை மலையளவு உயர்த்த வேண்டும் என்று ஆசை வந்தது. வீட்டுக்கு ஓர் ஆண் கல் சுமக்க வந்தாக வேண்டும். ஓடிப்போனால், அவன் பெண்டாட்டி பிள்ளைகளைப் பிடித்து வந்து அதே கல்லைச் சுமக்க வைப்பார்கள். அப்படிப் பிடித்துப்போன பிள்ளைகளில் திரும்பி வந்தவர்களை யாரும் பார்த்ததில்லை.

ஆற்றில் வெள்ளம் வடிந்த ஒரு காலையில், படித்துறையில் ஓர் ஆணின் பிணம் ஒதுங்கியது. முகத்தை மீன் தின்றிருந்தது. தோளில் மட்டும் கல் சுமந்த தழும்பு. சேதி சபைக்குப் போனது.

"என் வேலையை விட்டு ஓடியவன்" என்றான் அரசன். "இவன் யார்? குடும்பம் எங்கே? பெயர் தெரியாத ஒருவன் என்னை ஏமாற்றிவிட்டுச் சாவதா?"

மந்திரி வில்லவராயர் எழுந்தார். அரசவை விகடன் சடையாண்டி பேசினால் அரசன் சிரிப்பான் என்பதே அவருக்குப் பல வருடத்து வயிற்றெரிச்சல்.

"அரசே, இதற்கு வேண்டிய கூர்மையான புத்தி நம் சடையாண்டிக்குத்தான் உண்டு. அவனே கண்டுபிடிக்கட்டும்."

"நல்லது" என்றான் அரசன். "சடையாண்டி, பொழுது சாய்வதற்குள் அவன் பெயர், தகப்பன் பெயர், ஊர் மூன்றும் எனக்கு வேண்டும். இல்லையேல் யானையின் காலடியில் கிடப்பாய்."

சபை சிரித்தது. சடையாண்டியும் சிரித்துவைத்தான். வெளியே வந்ததும் ஆற்றங்கரையை நோக்கி ஓடினான்.

ஆற்றங்கரைத் தெருக்களில் அவன் தலை தெரிந்ததுமே கதவுகள் சாத்திக்கொண்டன. "தெரியாதுங்க", "பார்த்ததே இல்லீங்க" என்று கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. உச்சிவேளை தாண்டியது. படித்துறைக்கே திரும்பி வந்தான். பிணத்துக்கு இரண்டு காவலர்கள் நின்றார்கள். கொஞ்சம் தள்ளி ஒருத்தி குடத்தை நிரப்பினாள், கொட்டினாள், மறுபடி நிரப்பினாள். அவள் பார்வை பிணத்தின் கால்களை விட்டு நகரவில்லை.

சடையாண்டி தண்ணீர் குடிப்பவன் போல அவள் பக்கத்தில் குனிந்தான்.

"உன் வீட்டுக்காரரா, தாயி?"

அவள் கை குடத்தின் கழுத்தை இறுக்கியது. "ரெண்டு புள்ளைங்க இருக்கு சாமி. சின்னதுக்கு நடக்கக்கூடத் தெரியாது. நான் அழுதா அதுங்களை இழுத்துக்கிட்டுப் போயிருவாங்க. நான் அழலை, பாருங்க. நான் அழவே இல்லை." பிறகு, "உங்க உசுருக்கும் கெடு வச்சிருக்காங்களாமே. பேரைச் சொல்லிடட்டுமா?" என்றாள்.

அவன் பதறிப்போனான். "வேண்டாம்! சொல்லிடாதே. தெரிஞ்சா நான் சொல்லிடுவேன். ஒரு அடிக்குத் தாங்க மாட்டேன். எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது, தாயி. குடத்தை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போ."

அவள் போய்விட்டாள். படித்துறை மண்டபத்துத் தூணைப் பிடித்து அவன் எழுந்தபோது, அதில் ஓர் ஓலை ஆணியடித்து மாட்டியிருப்பதைக் கண்டான். அரண்மனை எழுத்தர்கள் நூற்றுக்கணக்கில் எழுதிய அறிவிப்புகளில் ஒன்று. அவன் அதை ஒரு தடவை படித்தான். மறுபடி படித்தான். ஆணியோடு பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு நடந்தான்.

சபையில் அரசன் காத்திருந்தான். வாசலில் யானை சங்கிலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"கண்டுபிடித்தாயா?"

"கண்டுபிடித்தேன், அரசே. அவன் பெயர் இன்னான். தகப்பன் பெயர் இன்னார். ஊர் இன்ன ஊர்."

வில்லவராயர் துள்ளி எழுந்தார். "அரசே, இது பெயரே அல்ல! ஆள் இன்னாரென்று தெரியாதபோது எழுத்தர்கள் எழுதிவைக்கும் சொல். பின்னால் பெயர் தெரிந்ததும் மாற்றிக்கொள்வார்கள். தங்களையே கேலி செய்கிறான்!"

சடையாண்டி ஓலையை நீட்டினான். அரசன் அதை உரக்கப் படித்தான்: "இன்ன ஊர், இன்னார் மகன் இன்னான் கோட்டை வேலையை விட்டு ஓடிவிட்டான். உயிரோடோ பிணமாகவோ கண்டவர் அரண்மனைக்கு அறிவிக்கவும்." கீழே அரச முத்திரை. பக்கத்தில் வில்லவராயரின் கையெழுத்து.

"அரச முத்திரை பொய் சொல்லாது" என்றான் சடையாண்டி. "தாங்கள் தேடச் சொன்னவனைத்தான் கண்டேன். அறிவித்துவிட்டேன்."

எழுத்தர்கள் பெயரை நிரப்பாமல் விட்டதையும், மந்திரி படிக்காமலே முத்திரை குத்தியதையும் சபை புரிந்துகொண்டது.

அரசன் மெல்லத் திரும்பினான். "வில்லவராயரே, அப்படி ஒருவன் இல்லையென்றால், இல்லாதவனைத் தேட என் முத்திரையை இட்டது யார்? பொய் ஓலைக்கு முத்திரையிட்ட கையை என்ன செய்வோம் என்பது உமக்குத் தெரியும்."

மந்திரியின் வலது கை தானாகவே அங்கவஸ்திரத்துக்குள் போய் ஒளிந்துகொண்டது.

"இருந்தான், அரசே" என்றார். "இன்னான் என்று... ஒருவன் இருந்தான்."

"குடும்பம்?"

"இன்ன ஊரில்... இருக்கிறது, அரசே."

அரசன் சிரிக்கத் தொடங்கினான். சிம்மாசனம் குலுங்கச் சிரித்தான். "அப்படியானால் நீரே போய் அவர்களைப் பிடித்து வாரும். இன்ன ஊரைக் காணும்வரை என் கண்ணில் படவேண்டாம்!"

சட்டென்று சிரிப்பு நின்றது. "சடையாண்டி, இங்கே வா. அவனுடைய உண்மையான பெயர் உனக்குத் தெரியுமா?"

சடையாண்டி கையைக் கூப்பினான். "சத்தியமாகத் தெரியாது, அரசே."

அரசன் அவன் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் அரசன் தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றினான். "பிழைத்துப் போ. வேறென்ன வேண்டும்?"

"அந்தப் பிணம் வேண்டும், அரசே. இன்னானுக்கு இன்னார்தான் உறவு என்று இல்லை. விரும்பியவர் எல்லோரும் வாய்க்கரிசி போடலாம், யாரையும் பெயர் கேட்கக் கூடாது என்று உத்தரவிடுங்கள்."

அரசனுக்கு அதுவும் வேடிக்கையாக இருந்தது. மறுபடி சிரித்துத் தலையசைத்தான்.

மறுநாள் காலையில் தமுக்கு அடித்தார்கள். முதலில் யாரும் வரவில்லை. பிறகு ஒரு கிழவி வந்தாள். பிறகு நாலு பேர். கடைசியில் ஆற்றங்கரைத் தெருப் பெண்கள் அத்தனை பேரும் முந்தானையில் அரிசி முடிந்துகொண்டு வரிசையில் நின்றார்கள். கல் சுமக்கப் போன தங்கள் தங்கள் ஆள்களை நினைத்துக்கொண்டு எல்லோருமே வாய்விட்டு அழுதார்கள். எந்த அழுகை யாருடையது என்று காவலர்களால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

சடையாண்டி ஆற்றைப் பார்த்தபடி முதுகு காட்டி நின்றிருந்தான். குடத்துக்காரி நிற்கும் இடத்தைத் தன் கண் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று, வரிசை முடியும்வரை அவன் திரும்பவே இல்லை.