சாம்பல் அட்டை

பாளையங்கோட்டையில் சுபைதா டீச்சரிடம் ஃபிலிம் கழுவப் படிக்க வருகிறவர்களில் வயதில் மூத்தவர் சங்கரபாகம். மருந்துக்கடைக்காரர். டீச்சரைவிடப் பதினைந்து வயது பெரியவர். அவர் அவளை டீச்சர் என்பார், அவள் அவரை சார் என்பாள். இருவருக்கும் அதில் கூச்சம் கிடையாது.

அவருக்கு ஒரே ஒரு படம் வேண்டும். மனைவி வடிவின் முகம். வாயில் புற்று. இன்னும் ஒரு மாதத்தில் ஆபரேஷன், இடது தாடையை எடுத்துவிடுவார்கள். அதற்கு முன்னால் அந்த முகத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுத்து, ஸ்கேன் செய்து, பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டவேண்டும்.

முதல் நாளே டீச்சர் வழி சொல்லிவிட்டாள். "மெதுவான ஃபிலிமாப் போடுங்க, படத்துல புள்ளி புள்ளியாக் குருணை தெரியாது. டெவலப்பர் மருந்துல இருந்து கொஞ்சம் முன்னாடியே எடுத்துருங்க. நெகட்டிவ் மெலிசா இருந்தாத்தான் ஸ்கேனருக்கு உள்ளே இருக்கிறது தெரியும்."

வேறு ஆளாக இருந்தால் அன்றைக்கே படம் எடுத்திருப்பார். இவர் ஆயுசு முழுக்க மருந்தை நிறுத்துக் கொடுத்தவர். மெதுவான ஃபிலிமிலேயே நாலைந்து இருக்கிறதே என்று கேட்டுக்கொண்டு போனார். அலை ஓய்ந்தபிறகு குளிக்கலாம் என்று கரையில் துண்டோடு நிற்கிற ஜாதி.

ஒரு மாதம் இப்படியே போனது. வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்றிருக்க, புதன்கிழமை ஒரு கட்டு நெகட்டிவோடு வந்தார். வெளிச்ச மேஜையில் பரப்பினார்.

"இதுல குருணையே இல்ல டீச்சர். ஆனா நிழல் செத்து ஒரே கறுப்பாப் போகுது. இந்த டெவலப்பர்ல நிழல் நிக்குது, ஸ்கேன் பண்ணினா மணலை வாரி எறிஞ்ச மாதிரி இருக்கு. நாளைக்கு விட்டா நாள் இல்ல. எதைப் போட?"

டீச்சர் பூதக்கண்ணாடியைத் தொடவில்லை. ஒரு நெகட்டிவ் துண்டை எடுத்து முழுதாக ஸ்கேன் செய்து திரையில் போட்டாள். வீட்டு முற்றம், ஒரு பெண், அவள் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்த சாம்பல் நிற அட்டை.

"முகம் எங்க சார்?"

"அட்டைக்குப் பின்னால. முகத்துல விழுற வெளிச்சத்தை அளக்கணும்னா அட்டை முகத்துக்கு முன்னால வேணும்லா? இது சோதனைதான். நெசப் படம் பிறகு."

டீச்சர் அடுத்த துண்டைப் போட்டாள். அதே அட்டை. அதற்கடுத்ததிலும் அட்டை.

"இதுல நிக்காங்க. இதுல ஸ்டூல்ல இருக்காங்க. எப்போ இருந்து சார் உக்கார ஆரம்பிச்சாங்க?"

சங்கரபாகம் திரைக்குப் பக்கத்தில் போனார். அந்த ரோலுக்கு டெவலப்பர் எத்தனை டிகிரியில் இருந்தது என்று கேட்டிருந்தால் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பார். இது அவருக்குத் தெரியவில்லை. முதல் படத்தில் மணிக்கட்டில் நின்ற வளையல்கள் இதில் முழங்கை வரைக்கும் இறங்கிக் கிடந்தன. அதையும் இப்போதுதான் பார்க்கிறார்.

"பிடிச்சுக்கிட்டு நிக்கும்போது அக்கா ஒண்ணும் சொல்லமாட்டாங்களா?"

"கை கடுக்குதும்பா. நான் இன்னும் ஒண்ணே ஒண்ணும்பேன்."

சொல்லிவிட்டுத் திரையில் இருந்த வளையல்களை விரலால் தொட்டுப் பார்த்தார். ஆனாலும் பழக்கம் விடுமா.

"அப்போ எந்த ஃபிலிம் டீச்சர்?"

"கேமராவுல இப்போ என்ன கிடக்கு?"

"சோதனை ரோலுதான். பாதி மிச்சம் இருக்கு. அது அவ்வளவு சரியில்ல..."

டீச்சர் மேஜை விளக்கை அணைத்தாள். நெகட்டிவ்களை அடுக்கி அவர் கையில் கொடுத்தாள்.

"அது போதும். வீட்டுக்குப் போயி, அக்கா கையில இருந்து அந்த அட்டையை வாங்கிக்கிடுங்க."