பதிலாள் சுற்றிய திருக்குளம்

“சாமி, இந்த ஆண்டு என்னால் மலை ஏற முடியாது போலிருக்கிறது” என்றார் பொன்னம்பலத் தம்பிரான்.

மடத்தின் தலைவரான சந்நிதானம் கிணற்றடியில் தம் துணியைத் தாமே துவைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“எத்தனை படி?”

“அறுநூற்று நாற்பது.”

“போன ஆண்டு எத்தனை?”

போன ஆண்டும் அதே மலை, அதே படிகள்.

அந்த மடத்தில் மூத்த சீடருக்கென்று ஒரு பேறு உண்டு. குருபூசை நாளில் ஆதிகுருவின் மரப் பாதுகைகளைத் தலையில் தாங்கி, மலையுச்சியில் உள்ள சமாதிவரை ஏறிச்சென்று பீடத்தில் சேர்ப்பது. தாங்குபவர் வழியில் நிற்கலாம். உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் பாதுகைகள் அடுத்தவர் தலைக்குப் போய்விடும். போன பேறு திரும்பி வராது.

பொன்னம்பலத்தார் பதினோரு ஆண்டாக அதைத் தாங்கி வந்தார். போன முறை மூன்றாம் மண்டபத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றவர், நாகசுரக்காரர் ஒரே கீர்த்தனையை நான்கு தடவை வாசித்து முடிக்கும்வரை நின்றார். கால் மடங்கவில்லை. அது ஒன்றுதான் மிச்சம்.

இந்த ஆண்டு மடத்து மேலாளர் வந்து, ஆள் சுமக்கும் டோலிக்கு ஏற்பாடு செய்யட்டுமா என்று மெல்லக் கேட்டுவிட்டுப் போயிருந்தார். டோலியில் ஏறுவதும் உட்காருவதுதான்.

அப்போது அவருக்கு வயது ஐம்பது என்று சொல்பவர்கள் உண்டு. ஐம்பத்திரண்டு என்பவர்களும் உண்டு. இடுப்பு பெருத்துவிட்டது என்பதில் மட்டும் இரண்டு கருத்து இல்லை.

சந்நிதானம் துணியைப் பிழிந்தபடி ஒவ்வொன்றாக விசாரித்தார். பூசைக்குத் தண்ணீர் இறைப்பது யார், நந்தவனத்தில் பூப்பறிப்பது யார், விறகு பிளப்பது யார், பொன்னம்பலத்தாரின் காவித் துணியைத் துவைப்பது யார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வந்தது. எல்லாம் ஒரு காலத்தில் பொன்னம்பலத்தார் செய்த வேலைகள். மூப்பு ஏற ஏற, இளையவர்கள் மரியாதைக்காக ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டார்கள்.

“சாப்பாட்டை யாராவது வாங்கிக்கொண்டார்களா?”

“இல்லை சாமி. இரண்டாம் முறையும் கேட்காமலே பரிமாறுகிறார்கள்.”

சந்நிதானம் வயதில் அவரைவிட ஆறு ஆண்டு மூத்தவர். அந்த வயதுக்காரர் துணியை உதறிய உதறலில் தெறித்த நீர், பொன்னம்பலத்தாரின் முகத்தில் விழுந்தது.

“விடியும் வேளையில் திருக்குளத்தைப் பன்னிரண்டு முறை சுற்றும். குருபூசைவரை.”

“லேகியம் ஏதாவது...”

“பன்னிரண்டு முறை” என்றார் சந்நிதானம்.

குருபூசைக்கு ஒன்பது மாதம் இருந்தது.

*

பொன்னம்பலத்தார் அதை விரதமாகவே ஏற்றார். ஈசானிய மூலையில் நின்று சங்கற்பம் செய்துகொண்டு நடந்தார். மூன்று நாள் நடந்தார். நான்காம் நாள் தூறல். ஐந்தாம் நாள் முழங்கால் வலித்தது. கொஞ்சம் வலித்தது என்பதே சரி.

மடத்தில் பழைய விதி ஒன்று இருந்தது. நோயிலோ முதுமையிலோ விரதத்தைத் தொடர முடியாத துறவி, தம் உள்ளங்கை நீரை இன்னொருவர் உள்ளங்கையில் வார்த்துவிட்டால், விரதம் அவரிடம் போகும். அவர் நோற்பார். பலன் வார்த்தவருக்கு.

பொன்னம்பலத்தார் முழங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு வெள்ளியங்கிரித் தம்பிரானைக் கூப்பிட்டார்.

வெள்ளியங்கிரி கொங்கு நாட்டிலிருந்து வந்தவர், நாற்பதை நெருங்குகிறவர், ஏன் என்று கேட்கும் பழக்கம் இல்லாதவர். கையை நீட்டினார். நீர் விழுந்தது.

மறுநாள் முதல் அவர் சுற்றினார். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும், “இது பொன்னம்பலத் தம்பிரான் பொருட்டு” என்று சொல்லிவிட்டு அடுத்த சுற்றைத் தொடங்கினார்.

பொன்னம்பலத்தாரின் அறை ஜன்னல் குளத்தைப் பார்த்திருந்தது. அவர் உட்கார்ந்து உருத்திராக்க மணியை உருட்டி எண்ணினார். எண்ணிக்கையில் அவர் கண்டிப்பானவர். பதினொன்றில் வெள்ளியங்கிரி நின்றுவிட்டால் ஜன்னலிலிருந்து குரல் வரும். பன்னிரண்டு முடிந்ததும் அவருக்கு நல்ல பசி எடுத்தது. இட்டிலிக்கு நெய் கூடுதலாகக் கேட்டார்.

படித்துறையில் பூக்கட்டும் பாக்கியத்தம்மாள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் அண்ணாந்து, “பெரிய சாமி, அந்த ஜன்னல் நாளுக்கு நாள் சிறுத்துக்கிட்டே வருதே, கவனிச்சீங்களா?” என்று கேட்டாள்.

அவர் ஜன்னலைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லை.

*

மூன்று மாதம் கழித்துச் சந்நிதானத்தின் முன் வந்து நின்றார்.

“சாமி, விரதத்தில் ஒரு நாள் குறையவில்லை. தொண்ணூற்றாறு நாள். ஆயிரத்து நூற்று ஐம்பத்திரண்டு சுற்று. ஆனால் அரைஞாண் கயிற்றை இரண்டு முடிச்சுத் தளர்த்த வேண்டியிருக்கிறது.”

“நடந்தது யார்?”

பொன்னம்பலத்தார் விதியைச் சொன்னார். முழங்காலையும் சொன்னார். நீர் வார்த்த நாளையும் நேரத்தையும்கூடப் பிசகாமல் சொன்னார்.

சந்நிதானம் தலையசைத்தார். விதி அப்படித்தான், மீறல் எதுவும் இல்லை, விரதத்தின் புண்ணியம் பொன்னம்பலத்தாருடையதே என்று ஒப்புக்கொண்டார். பிறகு வெள்ளியங்கிரியை வரச் சொன்னார்.

வெள்ளியங்கிரி வந்து நின்றார். கன்னம் ஒட்டியிருந்தது. காவியை ஒரு சுற்றுக் கூடுதலாகச் சுற்றி இடுப்பில் செருகியிருந்தார்.

“நடந்த பலன் யாருக்கு?”

“பெரிய சாமிக்கு.”

“உமக்கு என்ன கிடைத்தது?”

வெள்ளியங்கிரி யோசித்தார். “பகலில் பசி கிடைத்தது, சாமி. இரவில் தூக்கம்.”

சந்நிதானம் பொன்னம்பலத்தாரின் பக்கம் திரும்பினார்.

“ஒன்பது மாதத்து விரதத்தையே சுமப்பவருக்கு ஒரு வேளைச் சோறு பாரமா? நாளைப் பகல் உணவுக்கும் நீர் வார்த்துவிடும்.”

பொன்னம்பலத்தார் சிரித்தார். சந்நிதானத்தின் முகத்தில் சிரிப்பு இல்லை.

*

மறுநாள் பந்தியில் மூத்தவருக்குரிய முதல் இடத்தில் இலை போட்டார்கள். அதன் முன் வெள்ளியங்கிரி உட்கார்ந்தார். எதிரில், இலை இல்லாத இடத்தில், பொன்னம்பலத்தார்.

நீர் வார்த்தாயிற்று.

சோறு விழுந்தது. முருங்கைக்காய்ச் சாம்பார், வாழைப்பூப் பொரியல், சேனை வறுவல். வெள்ளியங்கிரிக்குக் கை எழவில்லை. பெரியவர் பார்த்துக்கொண்டிருக்க எப்படிச் சாப்பிடுவது என்று முணுமுணுத்தார்.

“அவர் பெயரைச் சொல்லிச் சாப்பிடும்” என்றார் சந்நிதானம்.

“இது பொன்னம்பலத் தம்பிரான் பொருட்டு” என்று சொல்லி முதல் கவளத்தை உண்டார் வெள்ளியங்கிரி. இரண்டாம் கவளத்துக்கும் சொன்னார். பந்தியில் யாரோ இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார். பாயசம் வந்தபோது வெள்ளியங்கிரியின் குரலில் கூச்சம் போய் ஒரு நிறைவு வந்திருந்தது.

பொன்னம்பலத்தார் மணியை உருட்டவில்லை. அவர் கண் இலையிலேயே இருந்தது. பாயசத்தில் முந்திரி இரண்டு மிதந்ததையும், அவை போன இடத்தையும் பார்த்தார்.

மோர் முடிந்தது. இலையை மடித்தார்கள்.

“பொன்னம்பலம், வயிறு நிறைந்ததா?” என்று கேட்டார் சந்நிதானம்.

பந்தி முழுவதும் அவரைப் பார்த்தது.

பொன்னம்பலத்தார் எழுந்தார். வெள்ளியங்கிரி கைகழுவி வரும்வரை வாசலில் நின்றார். வந்ததும் அவர் முன் தம் உள்ளங்கையை ஏந்தினார்.

“வார்த்ததைத் திருப்பிக் கொடு.”

“சாப்பாட்டையா, பெரிய சாமி?”

“நடையை.”

*

மறுநாள் விடியலில் நான்கு சுற்று முடிந்தது. ஐந்தாவதில் படித்துறைக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். மூச்சு வாங்கியது. பாக்கியத்தம்மாள் பூக்கட்டுவதை நிறுத்தவில்லை.

“ஜன்னல்லேர்ந்து இறங்கிட்டீங்களா? இனிமே அந்த அறைக்குக் கொஞ்சம் காத்து வரும்.”

அவர் கோபப்படவில்லை. கோபப்பட மூச்சு மிச்சம் இல்லை.

பன்னிரண்டு சுற்றுக்கு வர இருபது நாள் ஆயிற்று. முழங்கால் முதல் வாரம் வலித்தது. பிறகு, காலையில் நடக்கும்வரை வலித்து, நடந்ததும் விட்டது. தண்ணீர்க் குடத்தை இளையவரிடமிருந்து வாங்கினார். அவர் பதறி, தங்களைப் போய் இறைக்க விடுவதா என்றார். ஒரு குடம் மட்டும் என்று பொன்னம்பலத்தார் கெஞ்சவேண்டியிருந்தது. இரண்டாம் முறை சோறு வந்தபோது இலைமேல் கையை விரித்தார். பரிமாறியவர் உடம்புக்கு என்ன என்று கேட்டார்.

முதல் இரண்டு மாதம் அரைஞாண் கயிற்றில் ஒரு மாற்றமும் இல்லை. மூன்றாம் மாதம் ஒரு முடிச்சு உள்ளே வந்தது. ஆறாம் மாதம் இன்னொன்று. அவ்வளவுதான். இளமை இடுப்பு திரும்பி வந்ததாக யாரும் சொல்வதில்லை.

குருபூசை வந்தது.

பாதுகைகளைத் தலையில் தாங்கி அவர் ஏறத் தொடங்கினார். பின்னால் ஊர்வலம், ஊர்வலத்தின் கடைசியில், எதற்கும் இருக்கட்டும் என்று மேலாளர் வரவழைத்த டோலி.

முதல் மண்டபத்தில் நிற்கவில்லை. இரண்டாம் மண்டபத்தில் நின்றார். மூன்றாம் மண்டபத்தில் தூணருகே போனார். கை தூணைத் தேடிப் பிடித்தது. வெள்ளியங்கிரி இரண்டு படி கீழே நின்று அவருடைய முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் எட்டு மூச்சு வாங்கினார். ஒன்பதாவதில் தூணை விட்டார்.

உச்சியில் பாதுகைகள் பீடத்தில் அமர்ந்தபோது அவருடைய கால்கள் மடங்காமல் நின்றன. சந்நிதானம் தீபாராதனை காட்டினார். திருநீறு கொடுத்தார். கூட்டம் பிரசாதத்தை நோக்கி நகர்ந்தது.

பொன்னம்பலத்தார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அருகில் வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

“சாமி, குருபூசைவரை என்று உத்தரவு. விரதம் நிறைந்தது. நாளை முதல் குளத்தைச் சுற்றுவதை நிறுத்திக்கொள்ளலாமா?”

சந்நிதானம் மேல்துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு முதல் படியில் காலை வைத்தார்.

“கீழே போனதும் மடப்பள்ளியில் கேட்டு வந்து சொல்லும். நாளைக்கு உலை வைக்கிறார்களா என்று.”