சின்னச் சுத்தியல்

குருவுக்கு முப்பத்தஞ்சு வயசு, சிஷ்யருக்கு அறுபத்து மூணு. எங்க வீதியில இப்படி ஒரு கூத்து.

குரு பேரு சௌடேஸ்வரி. பகல்ல லேத் பட்டறை வேலை. சாயங்காலமானா வீட்டுக் கார் ஷெட்டுல கத்தி அடிப்பா. அந்த ஷெட்டுல கார் ஒருநாளும் நின்னதில்லை. கேஸ் உலையும் பட்டறைக்கல்லும்தான். ரெண்டு வகை எஃகுத் தகட்டை மாத்தி மாத்தி அடுக்கி, பழுக்கக் காய்ச்சி, ஒண்ணாக்கி அடிக்கிற கத்தி அது. தேய்ச்சு அமிலத்துல முக்கினா ஆத்துத் தண்ணி மாதிரி கோடு நெளியும்.

சிஷ்யர் ராக்கியப்பன், ரிடையர்டு பி.டி. வாத்தியார். அவர் விசில் ஊதினா கிரவுண்டே கப்சிப்னு ஆயிடும். அந்த கிரவுண்டுல ஓடின பிள்ளைகள்ல சௌடேஸ்வரியும் ஒருத்தி. இப்ப விசில் அவ கையில.

அவருக்கு ஒரே மக, தேன்மொழி. நாலு வருஷம் முன்னால பிடிச்சவனைக் கட்டிக்கிட்டுப் பாண்டிச்சேரி போயிட்டா. அங்க ஒரு ஓட்டல்ல சமையல் வேலை. அன்னிலிருந்து அப்பனுக்கும் மகளுக்கும் பேச்சில்லை. திடீர்னு அம்மாகிட்ட, "தீபாவளிக்கு வர்றேன்"னு போன் பண்ணிட்டா. மனுசனுக்குக் கால் தரையில நிக்கலை. தன் கையாலயே அவளுக்கொரு கத்தி அடிச்சுக் குடுக்கணும்னு ஷெட்டுக்கு வந்துட்டார்.

அடிச்சார். அடுக்கு ஒட்டலை. மறுபடி அடிச்சார். தகடெல்லாம் சறுக்கி, சீட்டுக்கட்டு மாதிரி விலகிருச்சு.

"ஏங்கண்ணு ஒட்ட மாட்டேங்குது? துரு இல்லாமத் தேய்ச்சேன். ஒட்டறதுக்கு வெங்காரப் பொடி தூவினேன். மஞ்சளாப் பழுத்த பொறவுதான் எடுத்தேன். என்ன குறை வெச்சேன்?"

"ஒரு குறையும் இல்லீங்க சார். எப்படி அடிச்சீங்க?"

"இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி!"

அவ சிரிச்சுட்டா. பெரிய சுத்தியலை வாங்கி பெஞ்சுக்கு அடியில தள்ளினா. சின்னச் சுத்தியல் ஒண்ணை எடுத்து நீட்டினா.

"இதுல தேங்காகூட உடையாதே!"

"உடைக்கவா வந்தீங்க?"

புது அடுக்கு பழுத்து வெளிய வந்துச்சு. அவர் கையை ஓங்கினார்.

"அடிக்காதீங்க சார், தட்டுங்க. தூங்கற குழந்தையைத் தட்டுவீங்கல்ல, அப்படி. இந்த ஓரத்துல ஆரம்பிச்சு அந்த ஓரம் வரைக்கும்."

கை சொன்ன பேச்சைக் கேட்டுச்சு. வாய்தான் முணுமுணுத்துக்கிட்டே இருந்துச்சு. திரும்பக் காய்ச்சித் திரும்பத் தட்டினார். தகட்டுக்கு நடுவுல இருந்த கறுப்புக் கோடெல்லாம் காணாமப் போச்சு.

"ஒட்டிருச்சா?"

"ஒட்டிருச்சுங்க. இப்பப் பெரிசை எடுத்துக்குங்க. எவ்வளவு வேணாலும் அடிங்க, தாங்கும்."

தீபாவளிக்கு முந்தின நாள் கத்தி தயாராச்சு. அவர் ஷெட்டுல உட்கார்ந்து அதைத் துணியில சுத்திட்டு இருக்கிறப்ப, ரெண்டு வீடு தள்ளி அவர் வீட்டு வாசல்ல டாக்ஸி வந்து நின்னுச்சு.

"சார், மக வந்துட்டாளுங்க."

அவர் எந்திரிக்கலை. முகம் சிவந்துருச்சு.

"வரட்டும். கத்தி அப்புறம். மொதல்ல கேள்வி கேக்கணும். நாலு வருஷமா மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கேன். பெத்தவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருந்தா என்னடி குறைஞ்சிருக்கும்? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

குரல் கிரவுண்டுக் குரலாயிருச்சு. ஷெட்டுக்கு எதிர் வீட்டுல நின்ன எனக்கே கேட்டுச்சு. வந்த பொண்ணு இதைக் கேட்டா அதே டாக்ஸியில திரும்பிப் போயிருவாளேன்னு இருந்துச்சு.

சௌடேஸ்வரி சின்னச் சுத்தியலை எடுத்து அவர் சட்டைப் பையில சொருகினா. பை கனத்துத் தொங்குச்சு.

அவர் குனிஞ்சு அதையே பார்த்தார். கண்ணு கலங்கிருச்சு.

"அப்ப என்னதான் கேக்கட்டும், கண்ணு?"

"சாப்பிட்டியான்னு கேளுங்க."

"மத்ததெல்லாம்? கேக்கவே கூடாதா?"

"கேளுங்க சார், கேக்காம இருக்க முடியுமா? மொதல்ல ஒட்டட்டும். பெரிய சுத்தியலை நானே கொண்டுவந்து தர்றேன்."