பேனல் மேல் ஆறு சேலைகள்

கேளுங்கள். கேட்டு முடித்ததும் யாரைப் பார்த்துக் காறித் துப்புவது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். நான் பல நாளாக முயன்றும் வாயில் எச்சில் தேங்கியதுதான் மிச்சம்.

கடலூரில் நாலு மாடி, பன்னிரண்டு வீடுகள் கொண்ட குடியிருப்பு எங்களுடையது. மேல் மாடியில் ரெஜினா டீச்சரும் அவர் கணவர் சவரிமுத்துவும் இருக்கிறார்கள். சவரிமுத்துவுக்கு நுரையீரல் சுருங்கிவிட்டது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மின் இயந்திரம் ஓயாமல் ஓடினால்தான் அவரால் மூச்சுவிட முடியும். கரண்ட் போகும்போதெல்லாம் பட்ட பாடு பொறுக்காமல், மொட்டை மாடியில் சோலார் பேனலும் வீட்டுக்குள் பேட்டரியும் வைக்க டீச்சர் குடியிருப்போர் சங்கத்தில் அனுமதி கேட்டார்.

அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் உங்களுக்குக் குமட்டியிருக்கும்.

"இடி விழுந்தா மொத்த பில்டிங்கும் போயிடும். டீச்சர் வந்து கட்டித் தருவாங்களா?" என்றார் செயலாளர் குலசேகரன்.

"வாடகைக்கு வீடு பாக்க வர்றவன், இங்க கரண்டே கிடையாது போலன்னு திரும்பிப் போயிடுவான்" என்றார் இன்னொருவர்.

மூன்றாம் மாடி அம்புஜவல்லிக்கு வேறு கவலை. "நல்லா வெயில் படற எடத்தையெல்லாம் அது புடிச்சிக்கிட்டா, நாங்க துணிய எங்க காயப்போடறது?"

கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பாலிடெக்னிக்கில் மின்னியல் நடத்துபவன். பேனல் இடியை அழைக்காது என்று எனக்குத் தெரியும். "மெஜாரிட்டி எப்படியோ அப்படியே" என்றேன். கூட்டம் கலைந்தபின் படிக்கட்டில் டீச்சரை நிறுத்தி, "நல்ல காரியம் டீச்சர், விடாதீங்க" என்று மெதுவாகச் சொன்னேன்.

அவர் விடவில்லை. ஏழு மாதம் ஒவ்வொரு கதவாகத் தட்டிச் சம்மதம் வாங்கி, பேனல்களை ஏற்றினார்.

ஒரு செவ்வாய்க்கிழமை புயல் வந்தது. ஊரெங்கும் மின்கம்பங்கள் சாய்ந்து கரண்ட் போனது. பேனல்கள் அசையவில்லை. புதன் காலை டீச்சர் தன் வாசலில் ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை வைத்து, "செல்போன் மட்டும்" என்று அட்டையில் எழுதி மாட்டினார். எதிர்த்த அத்தனை பேரும் சார்ஜரோடு படியேறினார்கள்.

"மாடி பொதுதானே டீச்சர்? அதுல விழற வெயிலும் பொதுதான்" என்று சிரித்தார் குலசேகரன்.

"மூச்சு மட்டும் அவரோடது. பாத்துக்குங்க" என்றார் டீச்சர்.

புதன் முழுக்க மேகம். வியாழன் காலை பேட்டரியில் கொஞ்சமே மீதி இருந்தது. ஆனால் வெயில் சுள்ளென்று அடித்தது. மதியத்துக்குள் நிரம்பியிருக்க வேண்டும். டீச்சர் உள்ளே கணவருக்குக் கஞ்சி ஊட்டும் நேரம் பார்த்து, குலசேகரன் அந்த பாக்ஸில் எலெக்ட்ரிக் கெட்டிலைச் செருகினார். அது இழுக்கும் மின்சாரத்தில் நூறு போன்களுக்குச் சார்ஜ் ஏற்றலாம்.

"ஒரே ஒரு டீ சார், யாருக்குத் தெரியப் போவுது" என்று எனக்குக் கண்ணடித்தார்.

நான் என் போனைக் கழற்றிக்கொண்டு, சிக்னல் தேடி மொட்டை மாடிக்குப் போனேன். பேனல்களின் மேல் அம்புஜவல்லியின் ஆறு சேலைகள் ஈரமாக விரிந்திருந்தன. பறக்காமலிருக்க மூலைக்கொரு கல். அவை கிடக்கும்வரை பேட்டரி நிரம்பாது. அடுத்த வீட்டுப் பெண்ணின் சேலையைத் தொட்டால் என்ன பேச்சு வருமோ என்று, தொடாமல் இறங்கி வந்தேன். வழியில் டீச்சர் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு இயந்திரம் நின்றது. சவரிமுத்துவின் உதடுகள் நீலமாயின. லிஃப்ட் ஓடவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்காரவைத்து, குலசேகரனும் நானும் இன்னும் இருவருமாக நாலு மாடி இறக்கினோம். வாசலில் கெட்டில் செருகியபடியே கிடந்தது. இயந்திரம் நின்றதுமே மொட்டை மாடிக்கு ஓடிப் பார்த்த டீச்சர் சேலைகளை அள்ளிக்கொண்டு இறங்கி வந்தார். எல்லாம் மொறுமொறுவென்று காய்ந்திருந்தன.

"மெல்லிசு சீலதானே டீச்சர், வெயில் உள்ள போவாதா?" என்று அழுதார் அம்புஜவல்லி.

"போகாது. நிழல் விழுந்தா பேனல் செத்த மாதிரிதான். நான் காலையிலேயே பார்த்தேன்" என்று விளக்கினேன், வகுப்பில் விளக்குவதுபோல.

ஆஸ்பத்திரியில் சவரிமுத்து பிழைத்துக்கொண்டார். சனிக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஊருக்குக் கரண்ட் இன்னும் வரவில்லை. பேட்டரி நிரம்பியிருந்தது. டீச்சர் அதே பாக்ஸை மறுபடியும் வாசலில் வைத்தார். ஆனால் எங்கள் மூவரில் ஒருவரை மட்டும் கை காட்டி நிறுத்திவிட்டார்.

யாரை நிறுத்தியிருப்பார்? கெட்டிலைச் செருகியவரையா, சேலையை விரித்தவரையா, இரண்டையும் பார்த்தவனையா? அவர் செய்தது சரியா?

விடை: என்னைத்தான். "அவங்க ரெண்டு பேருக்கும் சொன்னாப் புரியும் தம்பி. உங்களுக்கு என்னத்தச் சொல்றது?" என்றார். சரிதான் என்று நினைக்கிறேன். ஆனால் இதை இத்தனை சுலபமாக ஒப்புக்கொள்கிறேனே, அதுவே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. சொல்லிவிட்டால் சுத்தமாகிவிடலாம் என்று கணக்குப் போடுகிறேனோ என்னவோ. ஏனென்றால் அன்று சார்ஜரைச் சுருட்டிக்கொண்டு படியிறங்கியபோது எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை. கீழே யார் வீட்டிலாவது பவர் பேங்க் இருக்குமா என்ற யோசனைதான்.