பழக்காத கல்

ஊரார் கல்யாணங்களில் கரண்டி பிடித்தே நரைத்துப்போனவர் மாசிலாமணி. சொந்தமாக ஒரு சாப்பாட்டுக் கடை வைக்க ஆசை வந்துவிட்டது. வீட்டை விற்றால் கடைத்தெருவிலேயே பெரிய இடமாகப் பிடிக்கலாம். மனைவி அழுதாள். வீட்டை விலை பேசியவனோ, காலையில் முன்பணத்தோடு வருகிறேன் என்று சொல்லிப் போயிருந்தான்.

குழம்பிப்போய் மடத்துக்கு வந்தார். குரு நங்கையம்மை அவரைவிட இளையவர்.

“விற்கப் பயமாக இருக்கிறது. விட்டுவிடவும் மனம் வரவில்லை. நான் என்ன செய்யட்டும், அம்மா?”

குரு உள்ளே போய்ப் புத்தம் புதிய இரும்புத் தோசைக்கல் ஒன்றைத் தூக்கிவந்தார்.

“அடியார்கள் பசியோடு இருக்கிறார்கள். தோசை ஊற்றுங்கள்.”

“இது பழக்காத கல் அம்மா. ஒட்டும். பழைய கல் இருந்தால்...”

“இதில்தான். எல்லோருக்கும்.”

மாசிலாமணிக்கு ஒன்றும் புரியவில்லை. அடுப்பை மூட்டினார்.

முதல் தோசை கல்லோடு ஒட்டிக்கொண்டது. அடுத்தது கிழிந்தது. எண்ணெயை ஊற்றிப் பார்த்தார், தீயைக் குறைத்துப் பார்த்தார். மாவு கரைந்துகொண்டே போனது. பந்தியில் இலைகள் வெறுமையாகக் கிடந்தன. ஒரு கிழவர் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து போனார். தன் பந்தியிலிருந்து ஒருவர் பசியோடு எழுந்து மாசிலாமணி பார்த்ததில்லை. கண் கலங்கிவிட்டது.

குரு அந்தக் கிழவரைக் கையைப் பிடித்து அழைத்துவந்து உட்காரவைத்தார். எல்லோருக்கும் மோர்ச்சோறு பரிமாறினார். பிறகு அடுப்பருகே வந்து அமர்ந்தார்.

“முதலிலேயே சொன்னேனே அம்மா.”

“சொன்னீர்கள். கல்லை எப்படிப் பழக்குவீர்கள்?”

“கொஞ்சம் மாவை எடுத்து ஒன்று ஊற்றுவேன். ஒட்டும். சுரண்டிவிட்டு, எண்ணெய் தடவிக் காயவிட்டு, மறுபடி ஒன்று. என்றைக்குத் தானாகக் கழன்று வருகிறதோ, அன்றைக்குத்தான் அதைப் பந்திக்கு ஏற்றுவேன்.”

“அதுவரை ஒட்டிப் பிய்ந்ததையெல்லாம்?”

“நானும் வீட்டுக்காரியும் தின்றுவிடுவோம்.”

சொல்லிவிட்டு மாசிலாமணி கல்லை அடுப்பிலிருந்து இறக்கிவைத்தார்.

“கல் வேறு, கடை வேறு இல்லையா அம்மா? கடையை எவ்வளவு பெரிதாகத்தான் தொடங்குவது?”

குரு கல்லில் ஒட்டியிருந்த ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

“ஒட்டிக்கொண்டால் நீங்கள் இரண்டு பேருமே தின்று தீர்க்கிற அளவுக்கு.”