ஓடுதளத்தின் நடுவில் ஓர் இருக்கை

"இப்பவே கிளம்பணும் மேடம். கீழ ஊர்ல என் பொண்ணுக்குப் பிரசவ வலி எடுத்திடுச்சு," என்றார் டாக்டர் அருளாளன்.

அந்தச் சிறு விமானத்தளம் மலை உச்சியில் இருந்தது. மண் சரிந்ததில் கீழே போகும் சாலை மூடிவிட்டது. மணி இரண்டரை. வெயில் வெளுத்துக் கிடந்தது.

ஜெசிந்தா அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். மலையில் விமானம் ஓட்ட அவருக்குக் கற்றுத்தருபவள்.

"காலையில ஆறு மணிக்குப் போகலாம், டாக்டர்."

"ஏன்? மேகம் இல்ல. பலத்த காத்தும் இல்ல. இதே விமானத்தைக் கடற்கரையில இருநூறு மணி நேரம் ஓட்டியிருக்கேன்."

"அங்க காத்து கெட்டி. இங்க இந்த வெயில்ல மெலிஞ்சு போயிடும். இறக்கைக்குப் பிடிமானம் கிடைக்காது."

"எனக்கு மூச்சு நல்லாத்தானே வருது?"

அவள் சிரிக்கவில்லை.

"ஓட்டிப் பாருங்க. நானும் பக்கத்துல உக்கார்றேன்."

ஓடுதளத்தின் சரிபாதியில், ஓரமாக, ஏதோ ஒன்று வெள்ளையாகத் தெரிந்தது.

"அது ஓர் இருக்கை," என்றாள். "மேல எழும்ப வேகம் ஐம்பத்தஞ்சு வேணும். அந்த இருக்கையைத் தாண்டும்போது குறைஞ்சது நாற்பது வந்திருக்கணும். வரலன்னா நிறுத்திடணும்."

"இங்க எல்லாரும் அப்படித்தானா?"

"இப்போ எல்லாரும்."

இன்ஜின் வழக்கம்போலவே இரைந்தது. சக்கரங்கள் உருண்டன. ஆனால் வேகம் வரவில்லை. யாரோ வாலைப் பிடித்துக்கொண்டே பின்னால் ஓடிவருவதுபோல் இருந்தது.

இருக்கை நெருங்கியது.

முள் முப்பத்து மூன்றில் நின்றது.

அவர் நிறுத்தவில்லை. அவருடைய கைமேல் அவள் கை வந்தது. வேக விசையைப் பின்னால் இழுத்தது.

கண்ணாடிக்கு வெளியே அந்த இருக்கை மெல்லக் கடந்துபோனது. விமான இருக்கை. அதில் யாரும் இல்லை. பெல்ட் மட்டும் பூட்டியிருந்தது.

"இன்னும் பாதித் தளம் இருந்துச்சே!" அவர் கத்தினார். "எதிர்ல மரங்களுக்கு நடுவுல வழி வேற வெட்டி வச்சிருக்கீங்க. அதுல நுழைஞ்சு போயிருப்பேன்!"

உண்மைதான். ஓடுதளம் முடியும் இடத்தில் பைன் மரங்கள் சுவர்போல நின்றன. அந்தச் சுவரின் மேல்பக்கம் ஒரே ஓர் இடைவெளி. ஒரு சிறு விமானம் போகும் அகலம்.

அவள் விமானத்தை மரங்கள்வரை உருட்டிச்சென்று இன்ஜினை அணைத்தாள்.

பறவைச் சத்தம்கூட இல்லை.

"மரம் வெட்டுறவங்க எங்க வெட்டுவாங்க, டாக்டர்?"

"அடியில."

"பாருங்க."

மரங்கள் நின்றுகொண்டுதான் இருந்தன. தலைகள்தான் இல்லை. முதல் மரம் உச்சியில் முறிந்திருந்தது. அதற்குப் பின்னால் இருந்தது, இன்னும் சற்றுக் கீழே. அதற்கும் பின்னால் இருந்தது, இன்னும் கீழே.

படிக்கட்டுபோல.

"எத்தனை மரம்?" என்று கேட்டார்.

"அஞ்சு. ஆறாவது மரத்தடியில அந்த இருக்கை கிடந்துச்சு."

அவருடைய ஃபோன் அடித்தது.

"அப்பா, ஏறிட்டீங்களா?"

அவர் ஐந்தாவது மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலையில வர்றேன்மா."